சுக்கு அறையைக் காலி செய்ய மறுத்த கதை

அந்த மலையில் மேகம் வானத்தில் இருப்பதில்லை. வாசல் வழியாக உள்ளே வரும், பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காரும், ஜன்னல் வழியாகக் கிளம்பிப் போகும். தீப்பெட்டி பற்றாது. உப்பு ஜாடியைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது, நாலு தட்டுத் தட்டினால் கல் மாதிரி ஒரு கட்டி குழம்பில் போய் விழும். கழற்றி மூலையில் வைத்த செருப்பைக் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அதற்குத் தாடி முளைத்திருக்கும். இப்படிப்பட்ட இடத்தில், காட்டு விலங்கும் பறவையும் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு விடுதி. அந்த விடுதியில் துணி துவைத்துக் காயவைக்கிறவளின் கதை இது.

துவைப்பதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். காயவைப்பதில்தான் இருக்கிறது சமாசாரம். அதனால் அவளுக்குச் சுக்கு என்று பேர் விழுந்துவிட்டது. தன் கை பட்டால் எதுவும் காய்ந்துபோகும் என்பதால் அந்தப் பேர் வந்தது என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவள் வாய்க் காரத்துக்காக வைத்த பேர் என்று, வைத்தவனே சொல்லுவான். வைத்தவன் வேறு யாரும் இல்லை, அவள் புருஷனுடன் பிறந்த தம்பி, விடுதியின் சமையல்காரன்.

சுக்கு பிறந்தது கீழே சமவெளியில், வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. மூத்தவளை அத்தை மகனுக்குக் கொடுத்தார்கள். அடுத்தவன் லாரி ஓட்டப் போனவன், போன இடத்திலேயே பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். மூன்றாமவள் பக்கத்துத் தெருவில் வாக்கப்பட்டு இன்றைக்கும் அம்மா வீட்டு அடுப்பில்தான் தன் குடும்பத்துக்குச் சமைக்கிறாள். நாலாவதாகச் சுக்கு. அவளுக்கு வரன் மலையிலிருந்து வந்தது. காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போய் விலங்கு காட்டுகிற வழிகாட்டி என்றார்கள். வந்தவன் உட்கார்ந்தான், தரையைப் பார்த்தான், அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கெல்லாம் கூட வந்த தம்பிதான் பதில் சொன்னான். சுக்குவின் அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டீ கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் மாப்பிள்ளையின் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். அவன் "ஸ்ஸ்" என்றான்.

"சத்தம் வருது. ஊமை இல்ல" என்று அத்தை சபைக்கு அறிவித்தாள்.

"வரலைன்னாலும் பரவாயில்ல அத்த. பேசறதுக்குத்தான் நான் இருக்கேனே" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சுக்குவின் குரல் கேட்டது. அதோடு பேச்சு முடிந்தது.

மலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எல்லாரும் அவனை உஷ் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று. நடக்கத் தெரிந்த வயதிலிருந்து அப்பனின் பின்னால் காட்டுக்குள் போய் வந்தவன். வாயைத் திறந்தால் மான் ஓடிவிடும், பறவை பறந்துவிடும். அப்படியே பழகிப் பழகி, வீட்டிலும் அவன் தொண்டையிலிருந்து காற்றுதான் வரும். தண்ணீர் வேண்டும் என்றால் சொம்பைக் காட்டுவான். சந்தோஷம் என்றால் புருவம் ஏறும். சுக்கு சுவரோடு பேசிப் பழகினாள்.

பிறகு ஒரு மழை நாளில் அந்த அதிசயம் நடந்தது. துணி காயவைக்கும் அறை சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சமையல்கட்டுச் சுவரை ஒட்டி விறகு போட்டு எரிக்கும் பெரிய பாய்லர். அங்கே கொதிக்கும் தண்ணீர் இரும்புக் குழாய்களில் ஏறி, அறையின் நாலு சுவரையும் சுற்றிக்கொண்டு, குளியலறைகளுக்குப் போகும். கூரையிலிருந்து கயிறுகள் தொங்கும். படுக்கை விரிப்பைக் கட்டிக் கப்பியில் இழுத்தால் மேலே போய்த் தொங்கிக் காயும். பாய்லர் உறுமும், குழாய் டங்டங் என்று அடிக்கும். காதோடு வாய் வைத்துப் பேசினாலும் கேட்காது. அன்றைக்குக் காய்ந்த பெரிய விரிப்பு ஒன்றை மடிக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. சுக்கு புருஷனைக் கூப்பிட்டு ஒரு முனையைக் கையில் கொடுத்தாள். அவன் என்னவோ முணுமுணுத்தான். கேட்கவில்லை. மறுபடியும் முணுமுணுத்தான். "என்னாங்க?" என்று இவள் கத்தினாள்.

"இழுத்துப் பிடின்னேன்!" என்று அவனும் கத்தினான்.

தன் குரலைக் கேட்டு அவனே திடுக்கிட்டுப் போனான். அப்புறம் அந்தக் குரல் அவனுக்குப் பிடித்துப்போனது போலிருக்கிறது. இன்னொன்று சொன்னான். பிறகு இன்னொன்று. விரிப்பெல்லாம் மடித்து முடிவதற்குள், சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதிலிருந்து, தன் நிழலைக் கரடி என்று நினைத்து மரத்தில் ஏறிய விருந்தாளி வரை அத்தனையும் கொட்டித் தீர்த்துவிட்டான். அதுவும் எப்படி, ஆளுக்கு ஆள் குரல் மாற்றி! சுக்கு விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். கதவைத் திறந்து வெளியே போனதும் ஆள் பழையபடி உஷ்.

அன்றிலிருந்து தினமும் காலை நடை முடிந்து, விருந்தாளிகள் கை கால் கழுவப் போனதும், அவன் அந்த அறைக்கு வருவான். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை மடிப்பதும் பேச்சும்தான். வாயில் எதையும் ஒரு நாள்கூட வைத்திருக்கத் தெரியாத சுக்கு, இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஓரகத்தியிடம்கூடச் சொன்னதில்லை. ஓரகத்தி என்றால் சமையல்காரனின் பெண்டாட்டி. அறை பெருக்கிப் படுக்கை போடுவது அவள் வேலை. எல்லாவற்றுக்கும் "ஐயையோ" என்பாள். சுக்கு அந்த அறையில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்று அவள் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பெருமழைக்காக விடுதியைச் சாத்தியிருந்த ஒரு சமயம். திறப்பதற்குக் கொஞ்ச நாள் இருந்தது. முதலாளி எல்லாரையும் சமையல்கட்டில் கூட்டினார். அம்மா நடத்திய விடுதியை எடுத்து நடத்துகிற சின்ன வயசுக்காரர். மனசு தங்கம். ஆனால் புதுசாக எந்தக் கருவி வந்தாலும் வாங்கிவிடுவார். அப்போது கையில் ஈரம் அளக்கும் கருவி ஒன்று வைத்திருந்தார். கடிகாரம் மாதிரி முள். அந்த மலையில் அந்த முள் வலது கோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது, வாங்கிய நாளிலிருந்து அசைந்ததே இல்லை.

"படம் எடுக்க வர்றவங்க எல்லாம் ஒரே புகார். கேமரா கண்ணாடியில பூஞ்சை பிடிக்குதாம். அதனால துணி காயற ரூமைக் கேமரா வைக்கற ரூமா மாத்திடலாம்னு இருக்கேன். துணியெல்லாம் கீழ டவுன்ல மெஷின்ல துவைச்சு ஜீப்ல வந்துடும். சுக்கு அக்காவுக்கு இனிமே கஷ்டமே இல்ல. வாசல்ல நின்னு வர்றவங்களுக்கு வெந்நீர்ல நனைச்ச துண்டு குடுத்து, சிரிச்ச முகமா வாங்கன்னு சொன்னா போதும்."

சமையல்காரன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"அண்ணியா? சிரிச்ச முகமாவா? வந்தவங்க அதே ஜீப்ல திரும்பிடுவாங்க முதலாளி!"

"ஐயையோ" என்றாள் ஓரகத்தி.

சுக்கு மட்டும் சிரிக்கவில்லை. "ரூமை எடுக்காதீங்க முதலாளி" என்றாள்.

"ஏங்கா?"

சுக்குவிடம் ஏன் என்று கேட்டால் அரை நாள் பதில் வரும். அன்றைக்கு, "சும்மாதான்" என்றாள். உஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் புருவம் இரண்டும் இறங்கிக் கிடந்தன. அந்த அறை போனால் அவன் குரலும் போய்விடும். மிச்ச வாழ்நாள் முழுக்கச் சொம்பைக் காட்டுகிற புருஷனோடு குடித்தனம் நடத்த வேண்டும். இதை எந்த வாயால் சபையில் சொல்லுவாள்?

சொல்ல முடியாததைச் செய்துதான் காட்ட வேண்டும் என்று முடிவு கட்டினாள். அதற்கு ஒரு வழியும் இருந்தது. விருந்தாளி நாள்.

விருந்தாளி நாள் என்பது முதலாளியின் அம்மா காலத்து ஏற்பாடு. விடுதியைத் திறப்பதற்கு முன்பு ஒரு நாள், எல்லாரும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். சீட்டெழுதிப் பானையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். யாருக்கு எந்த வேலை வருகிறதோ அதைச் செய்ய வேண்டும், முதலாளியும் சேர்த்திதான். ஒருவர் மட்டும் விருந்தாளியாகத் தங்க வேண்டும். குழாய் ஒழுகுகிறதா, கட்டில் ஆடுகிறதா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்தம்மாள் அதற்குச் சட்டமும் போட்டு வைத்திருந்தார். விருந்தாளி குறை என்று ஒன்றைச் சொன்னால் உடனே தீர்த்தாக வேண்டும். விருந்தாளி ஜீப்பில் ஏறி வாசல் கேட்டைத் தாண்டும் வரை அந்த நாள் முடியாது, யாரும் பழைய வேலைக்குத் திரும்பக் கூடாது. வழிகாட்டி வேலையை மட்டும் பானையில் போடுவதில்லை. ஒரு தடவை போட்டு, அது சமையல்காரனுக்கு வந்து, அவன் விருந்தாளியான தன் பெண்டாட்டியைக் காட்டுக்குள் சுற்றுச் சுற்று என்று சுற்றி, கடைசியில் புகை வருகிற ஒரு இடத்தைக் காட்டி, "அதோ பார், ஏதோ அபூர்வ மிருகத்தோட குகை" என்றான். "ஐயையோ, அது நம்ம சமையல்கட்டு. அதோ வெளிய கவுத்து வச்சிருக்கற பானைய நான்தான் கழுவினேன்" என்றாள் அவள்.

சுக்கு கொழுந்தனைத் தனியாகப் பிடித்தாள்.

"தம்பி, துணி வேலை முதலாளிக்குத்தான் போகணும். இந்த ஈரத்துல ஒரு நாள் துணி காயவச்சுப் பாத்தார்னா, அந்த ரூம் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு அவருக்கே தெரிஞ்சுடும்."

"சீட்டு அவர் கையில வரணுமே அண்ணி?"

"அத எங்கிட்ட விடுங்க. நீங்க பானையக் குலுக்குங்க, போதும். வாய மட்டும் குலுக்கிடாதீங்க."

அந்த மலையில் காகிதம் வெந்த கீரை மாதிரி துவண்டு கிடக்கும். முதலாளிக்கோ மொறுமொறுப்பு என்றால் உயிர். ரொட்டியைக் காதருகே வைத்து ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். சுக்கு துணிச் சீட்டை மட்டும் எடுத்து இஸ்திரி போட்டு, வெந்நீர்க் குழாயின் மேல் வைத்து அப்பளமாக்கிவிட்டாள். விருந்தாளிச் சீட்டு பானைக்குள் போகவே இல்லை, அவள் உள்ளங்கைக்குள் இருந்தது.

முதலாளி பானைக்குள் கையை விட்டார். துவண்ட சீட்டு ஒன்று பட்டது, முகம் சுளித்தார். இன்னும் துழாவினார். விரல் எதிலோ பட்டு நின்றது. முகம் மலர்ந்தது.

"துணி!" என்று படித்தார். "அட, சீட்டே என்ன சலசலன்னு இருக்கு!"

"அதிர்ஷ்டம் முதலாளி" என்றான் சமையல்காரன், மேலே பார்த்துக்கொண்டு.

சுக்குவும் பானைக்குள் கையை விட்டு, விட்ட கையோடு விருந்தாளிச் சீட்டை எடுத்துக் காட்டினாள். ஓரகத்திக்குச் சமையல் வந்தது. சமையல்காரனுக்கு அறையும் படுக்கையும்.

விருந்தாளி என்றால் முறையாக வர வேண்டாமா? சுக்கு இருக்கிறதிலேயே நல்ல உடுப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நடந்து போய், அங்கிருந்து ஜீப்பில் ஏறி உள்ளே வந்து இறங்கினாள். முதலாளி வெந்நீர்த் துண்டோடு நின்றார்.

"வாங்க மேடம். பயணமெல்லாம் எப்படி இருந்துது?"

"ரொம்பத் தூரம் தம்பி. இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள், கேட்டிலிருந்து வாசல் வரை வந்தவள். துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தாள். "இன்னொரு துண்டு கிடைக்குமா? இது நனைஞ்சிருக்கு."

குளிக்க ஒன்று, தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, ஜன்னலில் வந்து உட்கார்ந்த மேகத்தைத் துடைக்க ஒன்று. முதலாளி படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். சுக்கு கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, தன் கையால் எத்தனையோ தடவை உறை மடித்த தலையணையில் சாய்ந்து பார்த்தாள். சமையல்காரன் படுக்கை போட்டிருந்த அழகில் விரிப்புக்குள் இன்னொரு ஆள் படுத்திருப்பது போல மேடு தட்டியிருந்தது.

"இது என்ன, பூரணம் வச்சு மூடி வச்சிருக்கீங்க?"

"குறைன்னா சொல்லுங்க மேடம், தீர்த்துடறேன்" என்று கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

சாயங்காலத்துக்கு முன்பு நடை. உஷ் கையில் கோலோடு வாசலில் வந்து நின்றான். பெண்டாட்டியைப் பார்த்து, எல்லா விருந்தாளிக்கும் குனிவது போலக் குனிந்தான். அவள் அவ்வளவு காலம் அந்த மலையில் இருந்தும் அவன் நடைக்கு ஒரு நாளும் போனதில்லை. காலையில் பாய்லர், மத்தியானம் துணி, எங்கே போவது? இப்போது அவன் முன்னால் நடக்க இவள் பின்னால் போனாள். பாசி பிடித்த மரங்கள், ஒவ்வொரு கிளையிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அவன் நின்றால் இவளும் நின்றாள். அவன் விரல் காட்டிய பக்கம் பார்த்தாள். அங்கே வால் நீண்ட பச்சைப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆட்கள் கடல் தாண்டி வருகிறார்கள், விடுதியில் அதற்குச் சீமாட்டி என்று பேர். சுக்கு மூச்சுக்கூட விடாமல் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்போதும் பேசவில்லை. உஷ் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடைசியில் அவனால் தாங்க முடியவில்லை.

"ஏய், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சீமாட்டி பறந்துவிட்டது.

"உங்களால போச்சு" என்றாள் சுக்கு. "வழிகாட்டி ரொம்பப் பேசறார்னு குறை சொல்லிடுவேன், ஆமா." அவன் புருவம் ஏறியது. திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

விடுதிக்கு வந்ததும் சுக்கு நேராகக் காயவைக்கும் அறைக்குப் போனாள். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், 'அக்கா, இந்த ரூம் இல்லாம முடியாது' என்று கும்பிடுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

முதலாளி சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். காலுறை இரண்டும் குழாயின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. பாதத்தைப் பாய்லர் பக்கமாக நீட்டியிருந்தார். துவைத்த துணி கூடையில் குவியலாக, பிழிந்தது பிழிந்தபடி கிடந்தது. கையில் அந்தக் கருவி.

"அக்கா! முள்ளு இறங்குதுக்கா!" என்று குழந்தை மாதிரி கத்தினார். "வாங்கினதுலேர்ந்து இன்னைக்குத்தான் இறங்குது! எலும்புக்குள்ள இருந்த ஈரமெல்லாம் காஞ்சுபோச்சு. இந்த விடுதியிலேயே இதுதாங்க்கா நல்ல ரூம். இத்தன நாளா துணிக்கு விட்டு வச்சிருந்தோமே! கேமராவுக்கும் குடுக்கப் போறதில்ல. நாலு சாய்வு நாற்காலி, ஒரு மேஜை, வர்ற விருந்தாளிங்க எல்லாம் நாள் பூரா இங்கதான் உக்காரப் போறாங்க!"

சுக்குவுக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. கேமராவாவது வாயை மூடிக்கொண்டு இருக்கும். விருந்தாளிகள் நாள் முழுக்க உட்கார்ந்தால்? தானே கிணறு வெட்டித் தானே விழுந்தாயிற்று. கதவருகே நின்ற உஷ்ஷின் புருவம் மறுபடி இறங்கியதைப் பார்த்தாள்.

"துணி காயலையே தம்பி?" என்று கேட்டாள்.

"அதனால என்ன? நாளைக்குக் காலையில டவுன்லேர்ந்து புது விரிப்பெல்லாம் வந்துடுது."

சுக்கு தன் விருந்தாளி அறைக்குப் போனாள். விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பின் மேல் வைத்த பால் பொங்குவது போல அவள் முகத்தில் ஒரு சிரிப்பு பொங்கி வந்தது. மணியை எடுத்து அடித்தாள்.

சமையல்காரனும் முதலாளியும் ஓடி வந்தார்கள்.

"படுக்கை சில்லுன்னு இருக்கு. எனக்குக் குளிர் ஆகாது. வேற ரூம் குடுங்க."

"எல்லா ரூமும் இப்படித்தாங்க்கா... மேடம்" என்றார் முதலாளி. "மேகம்."

"ஒரு ரூம் அப்படி இல்லையே. இப்பத்தான் யாரோ சொன்னாங்க, முள்ளெல்லாம் இறங்குதாம்."

முதலாளி சமையல்காரனைப் பார்த்தார். சமையல்காரன் கூரையைப் பார்த்தான். அம்மா போட்ட சட்டம். இருட்டுவதற்குள் இரண்டு பேரும் கட்டிலைப் பிரித்து, படியில் இறக்கி, காயவைக்கும் அறையில் கயிறுகளுக்குக் கீழே போட்டார்கள். மெத்தையின் ஒரு முனையை முதலாளி தூக்கினார். சுக்கு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "சுவத்துல இடிக்காம" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓரகத்தி செய்த சூப் வந்தது. உப்பு வரவில்லை என்று ஜாடியைத் தட்டியிருக்கிறாள், கட்டி முழுசாக விழுந்துவிட்டது. அதையும் சுக்கு குறை சொல்லவில்லை. பெரிய குறைக்கு முன்னால் சின்னக் குறை எதற்கு?

மறுநாள் காலை வெளிச்சம் வந்து வெகுநேரம் ஆகியும் அந்தக் கதவு திறக்கவில்லை. கைப்பிடியில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற அட்டை தொங்கியது. டவுனிலிருந்து ஜீப் வந்தது. மத்தியானம் நிஜ விருந்தாளிகள் வந்து இறங்கிவிடுவார்கள். முதலாளி ஓடிப் போய் மூட்டையைப் பிரித்து ஒரு விரிப்பை உருவினார். கீழே மொறுமொறுவென்று ஏற்றிய துணிதான், மேலே வருகிற வழியில் மேகம் மூட்டைக்குள்ளேயும் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்திருந்தது. விரிப்பு அவர் கையில் ஈரத்தோல் மாதிரி தொங்கியது. உலர்த்த வேண்டும். உலர்த்துவதற்கு இருக்கிறது ஒரே ஒரு அறை.

கதவைத் தட்டினார். பாய்லர் சத்தத்தில் பலமாகத் தட்ட வேண்டியிருந்தது.

"யாரது?"

"நான்தாங்க்கா, முதலாளி."

"முதலாளி யாரையும் எனக்குத் தெரியாதுங்களே. துணி துவைக்கிற தம்பி ஒருத்தரத்தான் தெரியும்."

"அந்தத் தம்பிதான் மேடம். கிளம்ப நேரமாச்சே, ஜீப் காத்துக்கிட்டு இருக்கு."

"இடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு தம்பி. இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போறேன். நல்லா இருந்தா அதுக்கு மேலயும்."

"ஐயையோ!" என்றாள் ஓரகத்தி. "அப்ப நான் இன்னைக்கும் சமைக்கணுமா?"

"அப்ப அத நிஜ விருந்தாளிங்க சாப்பிடணுமா?" என்றான் அவள் புருஷன்.

முதலாளி கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லுங்கக்கா. என்ன வேணும்?"

"ரூம் துணிக்குத்தான். துணி என் கைக்குத்தான்."

"சரி. ஆனா நான் அப்பப்ப வந்து உக்காந்துக்கலாமா? முழங்கால் வலி போயே போச்சு."

"உக்காருங்க. விருந்தாளிங்களும் உக்காரட்டும். சும்மா உக்காரக் கூடாது, விரிப்புல ஒரு முனையப் பிடிக்கணும். கேமராவுக்கு ஒரு கயிறு விட்டுத் தர்றேன், தலையணை உறையில போட்டுத் தொங்கட்டும்."

"சரி, சரி. எல்லாம் சரி. கதவத் திறங்க."

"இன்னும் ஒண்ணு இருக்கு. காலை நடை முடிஞ்சு வந்ததுலேர்ந்து சாப்பாட்டு மணி அடிக்கற வரைக்கும் உள்ள யாரும் வரக் கூடாது."

"ஏன்?"

குழாய் மட்டும் டங்டங் என்று அடித்தது.

"அந்த நேரத்துல ரூமுக்குள்ள புழுக்கமா இருக்கும்" என்றாள் சுக்கு.

"எப்பவுமே புழுக்கம்தானேக்கா. அதுதானே நல்லா இருக்கு."

"கயிறெல்லாம் இறக்கி ஏத்துவேன். தலையில விழும்."

"ஓரமா உக்காந்துக்கறோம்." முதலாளிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "குறைன்னா தீர்க்கறேன். இது குறை இல்லையே. காரணத்தச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் சுக்கு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் வம்பு அத்தனையும் சரளமாக வருகிற வாய் அது. ஆனால் 'என் புருஷன் என்னோடு பேசுகிற நேரம் அது, அதை எங்களுக்கு விட்டுவிடுங்கள்' என்பது மட்டும் தொண்டையைத் தாண்டி வர மறுத்தது. முகம் சூடாகிவிட்டது, அதைப் பாய்லர் மேல் போட்டுவிட முடியாது. அறையைக் காப்பாற்றியாயிற்று. எதற்காகக் காப்பாற்றினாளோ அது கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. கணீரென்ற பெரிய குரல். சமையல்கட்டில் தட்டுகள் அதிர்ந்தன. ஜீப் ஓட்டி வந்தவன், யாரோ வெளியாள் வந்திருக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தான்.

"நாங்க பேசணும் முதலாளி!"

எல்லாரும் திரும்பினார்கள். உஷ் நின்றுகொண்டிருந்தான். காது நுனி வரை சிவந்திருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

"அது நானும் அவளும் பேசற நேரம். எனக்கு வேற எங்கயும் பேச வராது. அந்த நேரத்துல யாரும் வராதீங்க."

சமையல்காரன் வாயைப் பிளந்தபடி நின்றான். கூடவே பிறந்து வளர்ந்தவன், அண்ணனின் குரலை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறான். ஓரகத்திக்கு ஐயையோகூட வரவில்லை. முதலாளி கைப்பிடியில் தொங்கிய அட்டையைக் கழற்றி, துடைத்து, உஷ்ஷின் கையில் கொடுத்தார்.

"தினமும் அந்த நேரத்துக்கு இத நீங்களே மாட்டிக்குங்கண்ணே."

கதவு திறந்தது. சுக்கு பையும் கையுமாக வெளியே வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். ஜீப் கேட்டைத் தாண்டியது. தாண்டிய இடத்திலேயே இறங்கி, பையை வீசி எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன எல்லாரும் மரம் மாதிரி நிக்கறீங்க? மூட்டையப் பிரிங்க! பாய்லர்ல விறகு யார் போடறது? தம்பி, உங்க பெண்டாட்டிய அடுப்புப் பக்கத்துலேர்ந்து முதல்ல வெளிய அனுப்புங்க!"

மத்தியானம் ஆட்கள் வந்து இறங்கியபோது படுக்கையெல்லாம் மொறுமொறுவென்று இருந்தது. மறுநாளிலிருந்து அந்த அறையில் கேமராக்கள் தலையணை உறைக்குள் தொங்கின. குளிரில் நடுங்கி வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். முதலாளி தினமும் வந்து முள் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போனார். காலை நடை முடிந்ததும் உஷ் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அட்டையை மாட்டினான்.

ஓரகத்திக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அப்படி என்னதான் பேசுகிறார்கள்? அந்த மனுஷனுக்குப் பேச என்ன இருக்கிறது? ஒரு நாள் சமையல்கட்டுப் பக்கச் சுவரில், பாய்லர் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கும் இடமாகப் பார்த்துக் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். உள்ளே சுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் மட்டும் சமையல்காரனுக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது ஓரகத்தியின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னடி பேசறாங்க?" என்றான் சமையல்காரன் ஆவலாக.

"நம்மளப் பத்தித்தான்."

"நம்மளப் பத்தியா? என்ன சொன்னார் அண்ணன்?"

"நீங்க நடக்கற மாதிரி நடந்து காட்டறார் போலிருக்கு. நான் ஐயையோங்கறத என்ன மாதிரியே சொல்றார்." ஒரு கணம் யோசித்தாள். "ரொம்ப நல்லா சொல்றார்."

மறுநாளும் அதே நேரத்துக்கு அவள் போய்க் காதை வைத்தாள். பக்கத்திலேயே, கரண்டியும் கையுமாக, அவள் புருஷனும்.